மூடிய கதவுக்குள்ளே நம்ம பிள்ளைங்க கேஸ்

 

தைப்பூச வேலை ஆரம்பிச்சாச்சு. பந்தல் கம்பி, அடுப்பு, மோர் டிரம், தொண்டர் சட்டை அளவு, இதெல்லாம்தான் வழக்கமா இந்தப் பக்கத்துல போடுவோம். இன்னிக்கு வேற விஷயம். கொஞ்சம் நீளமா போகும். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. பிள்ளை வச்சிருக்கிற எல்லாருக்கும் வேண்டியது.

போன மாசம் எங்க தண்ணீர்ப் பந்தல் கூட்டத்துல ஒரு கேள்வி வந்தது. இந்த வருஷம் சேவைக்குப் பேர் கொடுத்த பையன்கள்ல ஒருத்தன் கோர்ட்டுக்குப் போய் வந்தவன். சிறார் நீதிமன்றம். கேஸ் முடிஞ்சு போச்சு, ஆனா ஊருக்கு முடியலை. "இந்த மாதிரிப் பையனை மஞ்சள் சட்டை போட்டு பக்தர்கள் முன்னாடி நிக்க வைக்கலாமா?" என்று ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தர், "கோயில் எல்லாருக்கும் பொது" என்றார். குரல் ஏறிப் போச்சு. அதே வாரத்துல அந்தப் பையன் படம் ஒரு வாட்சாப் குரூப்புல சுத்திச்சு. கீழே "திருடன், ஜாக்கிரதை" என்று எழுதியிருந்தது.

அந்தப் பையன் யாரு, என்ன வயசு, எந்தப் பக்கம், என்ன கேஸ், எதையும் நாங்க எழுத மாட்டோம். நீங்களும் கமெண்ட்ல கேட்காதீங்க. தயவு தாட்சண்யத்துக்காக மட்டும் சொல்லலை. 2001-ஆம் வருஷத்து சிறார் சட்டம், அதாவது சட்டம் 611, பதினஞ்சாம் பிரிவு இதைத் தடுக்குது. கோர்ட்டுக்குப் போன பிள்ளையோட பேர், விலாசம், ஸ்கூல், படம், அவனை அடையாளம் காட்டுற எந்த விவரமும் வெளியே வரக்கூடாது. மீறினா 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 வருஷம் வரை சிறை, அல்லது ரெண்டும். பேப்பர்காரங்களுக்குத்தான் இதுன்னு நினைக்காதீங்க. மின்னியல் வழியா படம் அனுப்புறதையும் அந்தப் பிரிவு சொல்லுது. போன் இருக்கிற கை எல்லாம் இதுல மாட்டும்.

கூட்டத்துல முடிவு எட்டலை. அப்போ எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் விளக்குப் பூஜைக்கு ஒரு அம்மா வருவாங்க. ரொம்ப வருஷம் அரசு தரப்புல துணை வழக்கறிஞரா, நம்ம வாய்ல டிபிபி-ன்னு சொல்றோமே, அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க. அதுல பல வருஷம் சிறார் கேஸ். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. "இந்தப் பையன் கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்த வேலை எப்படி நடக்கும்னு வேணா சொல்றேன்" என்றாங்க. பூஜை முடிஞ்சு சுண்டல் சாப்பிட்டுட்டு, மண்டபத்துல பாய் போட்டு உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் கேட்டோம். வீட்டுக்குப் போய் சட்டப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தோம். எங்களுக்குப் புரிஞ்சதை உங்களுக்குச் சொல்றோம்.

எங்கள்ல முக்கால்வாசிப் பேர் பாயான் லெப்பாஸ் பேக்டரி ஆளுங்க. இதை டைப் பண்றதும் ஒரு லைன் சூப்பர்வைசர்தான், எஸ்.பி.எம். வரைக்கும் படிச்ச படிப்பு. அதனால வக்கீல் பாஷை வராது. நம்ம பாஷையிலேயே சொல்றோம்.

பிடிக்கிறது போலிஸ், முடிவு பண்றது வேற ஆள்

நம்ம ஜனங்க நிறைய பேர் போலிஸ்தான் எல்லாம்னு நினைக்கிறோம். "இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசிட்டா கேஸ் போயிடும்" என்று அலையுறோம். அது அப்படி இல்லை. போலிஸ் பிடிக்கும், விசாரிக்கும், வாக்குமூலம் எடுக்கும். எல்லாத்தையும் ஒரு பைலாக் கட்டி டிபிபி மேசைக்கு அனுப்பும். கோர்ட்டுல குற்றம் சாட்டுறதா, வேண்டாமா, எந்தப் பிரிவுல சாட்டுறது, நடுவுல நிறுத்துறதா, இந்த அதிகாரம் கூட்டரசு அரசியலமைப்பு 145-ஆம் பிரிவுப்படி சட்டத்துறைத் தலைவருக்கு இருக்கு. அவர்தான் பப்ளிக் புரோசிகியூட்டர். அவருக்குப் பதிலா ஒவ்வொரு மாநிலத்துலயும் உட்கார்ந்து பைல் படிக்கிறவங்கதான் டிபிபி.

அந்த அம்மா பைலைத் திறந்தா முதல்ல என்ன பார்ப்பாங்க தெரியுமா? குற்றத்தை இல்லை. பிறந்த தேதியை. சட்டப்படி 18 வயசுக்குக் கீழே இருந்தா சிறார். பையன் 17 வயசுல ஒரு தப்பு செஞ்சுட்டு, அவன் மேல குற்றம் சாட்டுறதுக்குள்ளே 18 முடிஞ்சு போச்சுன்னா, அவன் கேஸ் சிறார் நீதிமன்றத்துல நடக்காது. பெரியவங்க கோர்ட்டுதான். அதனால சில பைல் மேல தேதியை சிவப்பு மையில வட்டம் போட்டு வைப்பாங்களாம். ஒரு மருத்துவ ரிப்போர்ட் வர ரெண்டு வாரம் தாமதமானாக் கூட ஒரு பிள்ளைக்கு வேற வாசல் திறந்துடும். பிறப்புப் பத்திரம், ஐசி இதெல்லாம் சரியா இல்லாத குடும்பம்னா இன்னும் சிக்கல். உங்க பிள்ளைங்க பத்திரத்தை எல்லாம் ஒழுங்கா எடுத்து வைங்க. எப்போ எதுக்குத் தேவைப்படும்னு சொல்ல முடியாது.

அடுத்தது பிரிவு. ஒரு பையன் ஒரு ஆள்கிட்ட இருந்து கைத்தொலைபேசியை எடுத்துக்கிட்டு ஓடுறான்னு வைங்க. சும்மா மேசை மேல இருந்ததை எடுத்தா தண்டனைச் சட்டம் 379, திருட்டு, 7 வருஷம் வரை. ஆளை அடிச்சோ பயமுறுத்தியோ பிடுங்கினா 392, கொள்ளை, 14 வருஷம் வரை. பொருள் ஒண்ணு, பையன் ஒருத்தன், ஓடின தூரம் கூட ஒண்ணுதான். ஆனா நடுவுல தள்ளினானா, தள்ளலையா, அந்த ஒரு நொடியை நாலு சாட்சி நாலு விதமா சொல்வாங்க. அதைப் படிச்சு எந்த எண்ணை எழுதுறதுன்னு அந்த மேசையில முடிவாகும்.

"கோர்ட்டுல எழுந்து நிக்கும்போது பயம் வராது. பேனா கையில இருக்கும்போதுதான் வரும்" என்று அந்த அம்மா சொன்னாங்க. சிறுவர் கேஸ்ல சட்டம் தண்டனையைக் குறைச்சுக் கொடுத்தாலும், என்ன பேர்ல அவனைக் கூப்பிடப் போறோம்கிறது அந்தப் பேனாவுலதான் இருக்கு.

நம்ம பினாங்குல நடந்த கதை

பேனாவுக்கு இவ்வளவு சக்தியான்னு கேட்கிறவங்களுக்கு நம்ம ஊர்க் கதை ஒண்ணு இருக்கு. வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

1977. பினாங்கு உயர் நீதிமன்றம். ஒரு 14 வயசுப் பையன். கையில துப்பாக்கியும் குண்டும் வச்சிருந்தான்னு பிடிச்சாங்க. அந்தக் காலத்துல சிறுவர் நீதிமன்றச் சட்டம் இல்லாம இல்லை, 1947-லேயே இருந்தது. ஆனா 1975-ல் அவசரகாலப் பாதுகாப்பு வழக்கு விதிகள்னு ஒண்ணு கொண்டு வந்திருந்தாங்க. அந்த விதிப்படி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துல மாட்டினவன் எந்த வயசா இருந்தாலும் பெரியவன் மாதிரிதான் நடத்தணும். குற்றம் நிரூபணமானா மரண தண்டனை, வேற தண்டனையே இல்லை. நீதிபதி கையில எதுவும் இல்லை. அந்தப் பையனுக்குத் தூக்குன்னு தீர்ப்பு வந்தது.

நாடு முழுக்கக் கொந்தளிச்சது. வெளிநாட்டுப் பத்திரிகைகள்லயும் வந்தது. அந்த வருஷம் அக்டோபர் மாசம் வழக்கறிஞர் மன்றம் கூடி, இந்த விதிகளின் கீழ் நடக்கிற கேஸ்ல உறுப்பினர்கள் ஆஜராக வேண்டாம்னு தீர்மானம் போட்டது. மேல்முறையீடு தோற்றது. கடைசியா கருணை மனுவுலதான் உயிர் தப்பிச்சது. தூக்கு மாறி, ஹென்றி கர்னி பள்ளிக்கு அனுப்பினாங்க.

யோசிச்சுப் பாருங்க. அதே பையன் மேல அன்னிக்கு சாதாரண ஆயுதச் சட்டத்துல குற்றம் சாட்டியிருந்தா கதையே வேற. எந்தச் சட்டம்னு தேர்ந்தெடுத்தது நீதிபதி இல்லை. குற்றம் சாட்டின தரப்பு. லைட் ஸ்திரீட் கோர்ட்டுக்கும் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கும் நடந்து போற தூரம்தான். நம்ம அம்மா தேர் சுத்துற வீதிகளுக்குப் பக்கத்துல நடந்த விஷயம் இது.

இன்னிக்கு அப்படி நடக்க முடியாது. இப்போ இருக்கிற சட்டம் 2002 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி 1995-ல் மலேசியா ஐ.நா.வோட சிறுவர் உரிமை ஒப்பந்தத்துல சேர்ந்தது. இப்போ எந்தக் குற்றமா இருந்தாலும் சிறாருக்கு மரண தண்டனை கிடையாது, 97-ஆம் பிரிவு. அதுக்குப் பதிலா காவல்ல வைக்கிறாங்க, நம்ம மாநிலத்துலன்னா ஆளுநரின் விருப்பம் உள்ள வரைக்கும். எத்தனை வருஷம்னு கணக்கு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது மறுபரிசீலனை செய்யணும். 12 வயசுப் பையன் ஒருத்தன் கொலைக் கேஸ்ல 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு ஒத்துவராதுன்னு சொன்னது. அதே வருஷம் கூட்டரசு நீதிமன்றம் இல்லை, செல்லும்னு சொல்லி அதை மாத்திச்சு. உயிர் மிஞ்சும், ஆனா எப்போ வெளியே வருவான்னு பெத்தவங்களுக்குத் தெரியாது. அது ஒரு தனி வேதனை.

மாண்டவ்யர் போட்ட சாபம்

இதைக் கேட்டுக்கிட்டு இருந்த எங்க பிரசங்கி ஐயா ஒரு கதை சொன்னார். மகாபாரதத்துல வர்றதுதான்.

மாண்டவ்யர்னு ஒரு முனிவர். மௌன விரதத்துல இருந்தார். திருடங்க களவு பொருளை அவர் ஆசிரமத்துல ஒளிச்சு வச்சுட்டு அவங்களும் ஒளிஞ்சுக்கிட்டாங்க. காவலர் வந்து கேட்டாங்க. அவர் பேசலை. ராஜா அவரையும் சேர்த்துக் கழுவுல ஏத்திட்டார். தவ வலிமையால உயிர் போகலை. பிற்பாடு அவர் தர்மராஜாகிட்டப் போய், "நான் என்ன பாவம் செஞ்சேன், இந்தத் தண்டனை?" என்று கேட்டார். தர்மராஜா சொன்னார், "சின்ன வயசுல பூச்சியைப் பிடிச்சு ஈர்க்குல குத்தி விளையாடினே. அதுக்குத்தான்."

முனிவருக்கு வந்ததே கோபம். "விவரம் தெரியாத வயசுல செஞ்சதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? இனிமே 14 வயசுக்குள்ளே செஞ்சது பாவக் கணக்குல சேராது" என்று விதி போட்டார். தர்மராஜாவுக்கே சாபம் கொடுத்து மனுஷப் பிறவி எடுக்க வச்சார். அப்படிப் பிறந்தவர்தான் விதுரர். பிரசங்கம் பண்றவங்கள்ல சிலர் 12 வயசுன்னும் சொல்வாங்க.

அந்த டிபிபி அம்மா சிரிச்சுட்டாங்க. "நம்ம சட்டத்துலயும் 14 இருக்கு ஐயா" என்றாங்க. 10 வயசுக்குக் கீழே எது செஞ்சாலும் குற்றமே இல்லை. 10-ல் இருந்து 12 வரைக்கும், செஞ்சதோட விளைவு புரியிற பக்குவம் அந்தப் பிள்ளைக்கு இருந்ததான்னு பார்க்கணும். 14 வயசுக்குக் கீழே எந்தக் கோர்ட்டும் சிறைக்கு அனுப்பக் கூடாது. 14-க்கு மேலேயும், வேற வழியில திருத்த முடியும்னா சிறை கூடாது. நம்ம முனிவர் கேட்ட கேள்வியைத்தான் சட்டமும் கேட்குது. அந்தப் பிள்ளைக்கு அப்போ என்ன புரிஞ்சிருக்கும்?

தர்மராஜாவையே கேள்வி கேட்டு, தண்டனை அளவு தப்புன்னு சொன்ன கதை நம்மகிட்ட இருக்கு. இதை மறந்துட்டு வாட்சாப்புல "திருடன்"னு போடுறோமே.

அந்த அறைக்குள்ளே என்ன நடக்குது

சிறார் நீதிமன்றம் பொதுமக்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. கதவு சாத்தியிருக்கும். மாஜிஸ்திரேட் ஒருத்தர், அவருக்குப் பக்கத்துல ஆலோசகர் ரெண்டு பேர், அதுல ஒருத்தர் கட்டாயம் பெண். பையன், அவன் அம்மா அப்பா, வக்கீல், டிபிபி, நன்னடத்தை அதிகாரி, சாட்சி. அவ்வளவுதான். மத்த கோர்ட்டுங்க இருக்கிற கட்டடத்துலேயே இது நடந்தா, பிள்ளைங்க வந்து போக வேற வாசல் இருக்கணும்னு சட்டம் சொல்லுது. போலிஸ் ஸ்டேஷன்லயும் பெரிய ஆளுங்களோட கலந்து வைக்கக் கூடாது.

குற்றச்சாட்டைப் படிக்கும்போது பையனுக்குப் புரியிற எளிய வார்த்தையில விளக்கணும். இங்கதான் அந்த அம்மா சொன்னது எங்களை உட்கார வச்சுது. நம்ம பிள்ளைங்க பாதிப் பேர் பயத்துல எது கேட்டாலும் "பாஹாம்"னு தலை ஆட்டுவாங்களாம். புரிஞ்சுதான்னா புரிஞ்சது. ஒத்துக்கிறியான்னா ஒத்துக்கிறேன். சீக்கிரம் வீட்டுக்குப் போகணும், அம்மா அழுறாங்க, அவ்வளவுதான் மனசுல. ஒரு தடவை ஒரு பையன் அப்படித் தலையாட்டிட்டு, சம்பவத்தைப் படிக்கும்போது "நான் அங்க நிக்கவே இல்லையே" என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்து தமிழ்ல முணுமுணுத்தானாம். மாஜிஸ்திரேட்டுக்குத் தமிழ் தெரியாது. டிபிபிக்குத் தெரியும். கேட்காத மாதிரி இருந்துட்டா கேஸ் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். இவங்க எழுந்து நின்னு, "மொழிபெயர்ப்பாளர் மறுபடி விளக்கணும், இவன் ஒத்துக்கிட்டது சரியில்லை" என்று சொன்னாங்க. கேஸ் விசாரணைக்குப் போச்சு. அவங்க மேசையில இன்னொரு பைல் கூடிச்சு.

"நீங்க எதிர்த்தரப்பு ஆச்சே, ஏன் செஞ்சீங்க?" என்று எங்கள்ல ஒருத்தர் கேட்டார். "பையனுக்கு எதிரா நான் இல்லை. நடந்தது என்னன்னு கோர்ட்டு முன்னாடி வைக்கிறதுதான் என் வேலை. நடக்காததை வைக்க எனக்குச் சம்பளம் கொடுக்கலை" என்றாங்க.

அதுக்காக இரக்கப்பட்டு எல்லாரையும் விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க. வக்கீல்கள் டிபிபிக்குக் கடிதம் எழுதி, குற்றச்சாட்டைக் குறைங்க, இல்ல வாபஸ் வாங்குங்கன்னு கேட்கலாம். ரெப்ரசெண்டேஷன்னு சொல்வாங்க. சிலதை ஏத்துக்கிட்டாங்க. கத்தி எடுத்தவன், கூட்டமா ஒருத்தனைப் போட்டு மிதிச்சவன், இதுக்கெல்லாம் இல்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. கோயிலுக்குத் தெரிஞ்ச குடும்பம்னு சிபாரிசு வந்தப்பவும் இல்லைதான். அதனால சில வெள்ளிக்கிழமை பிரகாரத்துல இவங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனவங்க உண்டாம்.

பாதிக்கப்பட்டவங்களை நாம பேசுறதே இல்லை. அந்த அம்மா மறக்காம பேசினாங்க. மோட்டார்ல வந்த பையன்கள் ஒரு பாட்டி கழுத்துச் சங்கிலியைப் பறிச்சுட்டாங்க. பாட்டி கோர்ட்டுக்கு வந்தப்போ கழுத்துல தழும்பு இருந்தது. "அவனுக்கு எத்தனை வருஷம்?" என்று கேட்கலை. "என் சங்கிலி கிடைக்குமா?" என்றுதான் கேட்டாங்க. தாலிச் சங்கிலி. அதை உருக்கிட்டாங்கன்னு சொல்ல வேண்டிய ஆளும் டிபிபிதான். அந்த மூடிய அறைக்குள்ளே பையனுக்காகப் பேச வக்கீல் இருக்கார், அம்மா இருக்காங்க, நன்னடத்தை அதிகாரி இருக்கார். பாட்டிக்காகப் பேச டிபிபி மட்டும்தான்.

நன்னடத்தை அறிக்கை

குற்றம் நிரூபணமானாலும் உடனே முடிவு சொல்ல மாட்டாங்க. சமூக நல இலாகாவுல இருந்து நன்னடத்தை அதிகாரி அறிக்கை கொடுக்கணும். பையன் நடத்தை, வீட்டு நிலைமை, ஸ்கூல் விவரம், உடல்நிலை எல்லாம் அதுல வரும். அதைப் படிக்காம கோர்ட்டு முடிவு எடுக்கக் கூடாது. அதிகாரி வீட்டுக்கு வந்தா வெட்கப்பட்டு மறைக்காதீங்க. அப்பா குடிக்கிறாரா, அம்மா ரெண்டு ஷிப்ட் வேலையா, பையன் படிவம் மூணோட நின்னுட்டானா, உள்ளதைச் சொல்லுங்க. அந்த அறிக்கையைப் பார்த்துதான் அவனை எங்கே வைக்கிறதுன்னு தீர்மானம் ஆகும்.

அப்புறம் பாருங்க, சிறார் நீதிமன்றத்துல "தண்டனை"ன்னு ஒரு வார்த்தையே பயன்படுத்தக் கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்லுது. "ஆணை"ன்னுதான் சொல்லணும். என்னென்ன ஆணை?

எச்சரிச்சு விடலாம். நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு விடலாம். உறவினர் பொறுப்புல விடலாம். அபராதமோ இழப்பீடோ கட்டச் சொல்லலாம். நன்னடத்தை அதிகாரி கண்காணிப்புல வைக்கலாம். 2016 திருத்தத்துக்கு அப்புறம் சமூக சேவை செய்யச் சொல்லலாம். சமூக நல இலாகா நடத்துற துனாஸ் பக்தி பள்ளிக்கு அனுப்பலாம். இன்னும் கடுமையான கேஸ்ல ஹென்றி கர்னி பள்ளி, அது சிறைச்சாலை இலாகாவோடது, மலாக்கா தெலுக் மாஸ்ல இருக்கிறது பழசு. 21 வயசுக்கு மேல அங்கே வைக்க முடியாது. எல்லாத்துக்கும் கடைசியிலதான் சிறை.

எங்க லைன் பாஷையில சொன்னா, ஒரு போர்டு டெஸ்ட்ல பெயிலானா நேரா குப்பைத் தொட்டிக்குப் போகாது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ரீவொர்க் மேசைக்குப் போகும். எங்கே கோளாறுன்னு பார்த்து, சரி பண்ணி, மறுபடி டெஸ்ட் வச்சு, பாஸானா ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டு மத்த போர்டோட போயிடும். கஸ்டமர் கையில போனப்புறம் எது ரீவொர்க் ஆனதுன்னு யாரும் தேட மாட்டாங்க. போர்டுக்கே அவ்வளவு சான்ஸ் கொடுக்கிறோம். பிள்ளைக்குக் கோர்ட்டு ஸ்டிக்கரைக் கிழிச்சப்புறமும் நாம புதுசு ஒட்டிக்கிட்டு இருக்கோம்.

நாம செய்ய வேண்டியது

ஒண்ணு. உங்க பிள்ளையையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ போலிஸ் பிடிச்சா, 24 மணி நேரத்துக்குள்ளே மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அன்னிக்கே வக்கீல் வேணும். காசு இல்லைன்னு சும்மா இருக்காதீங்க. ஒய்.பி.ஜி.கே-ன்னு தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கு. 2012-ல இருந்து கிரிமினல் கேஸ்ல இலவசமா வக்கீல் கொடுக்குறாங்க. போலிஸ் ஸ்டேஷன்லயே கேளுங்க.

ரெண்டு. "ஒத்துக்கிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்டா" என்று பிள்ளைக்குச் சொல்லாதீங்க. செஞ்சிருந்தா ஒத்துக்கட்டும். செய்யாததை ஒத்துக்க வேண்டாம். புரியலைன்னா புரியலைன்னு சொல்லச் சொல்லுங்க. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்க உரிமை இருக்கு.

மூணு. கோர்ட்டு நாள்ல அம்மா அப்பா வந்தே ஆகணும். ஷிப்ட் வேலை செய்யறவங்க லீவு கேட்கக் கூச்சப்பட்டு, அலவன்ஸ் போயிடுமேன்னு பயந்து வராம இருக்காங்களாம். பையன் தனியா நின்னா கேஸ் தள்ளிப் போகும், அவனுக்கு மனசு உடையும். சூப்பர்வைசர், லைன் லீடரா இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒரு வேண்டுகோள். கோர்ட்டுக் கடிதம் நீட்டினா, என்ன ஏதுன்னு லைன்ல எல்லார் முன்னாடியும் கேட்காதீங்க. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.

நாலு. பெரிய பசங்களோட சுத்துற சின்னப் பசங்களைக் கவனிங்க. 19 வயசுக்காரனோட சேர்ந்து ஒரே குற்றத்துல 16 வயசுக்காரன் மாட்டினா, ரெண்டு பேரும் சேர்ந்து பெரியவங்க கோர்ட்டுலதான் நிப்பாங்க. சின்னவனுக்கு முடிவு சொல்லும்போது சிறார் சட்டப்படிதான் சொல்வாங்க. ஆனா மூடின கதவு அவனுக்குக் கிடையாது.

அஞ்சு. படம் வந்தா அழிங்க. அனுப்பினவருக்கும் சொல்லுங்க.

கூட்டத்துல என்ன முடிவாச்சு

ரெண்டாவது கூட்டத்துல இதையெல்லாம் சொன்னோம். பெரும்பாலானவங்க சம்மதிச்சாங்க. ஒரு பெரியவர் இன்னும் ஒத்துக்கலை. அவர் கடையை முன்னே ஒரு தடவை உடைச்சிருக்காங்க. "அவனால பாதிக்கப்பட்டவங்களும் முருக பக்தராத்தானே இருப்பாங்க? மோர் வாங்க வந்து அவன் முகத்தைப் பார்த்தா அவங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்ககிட்ட முழு பதில் இல்லை. டிபிபி அம்மாகிட்டக் கேட்டோம். "கோர்ட்டு ஆணையில யாரைப் பார்க்கக் கூடாது, எங்கே போகக் கூடாதுன்னு ஏதாவது இருந்தா அதை மீறக் கூடாது. அவன் அம்மாகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. அதுக்கு மேல உங்க மனசாட்சி" என்றாங்க. கேட்டோம். அப்படி எதுவும் இல்லை.

அதனால இந்த வருஷம் ஒரு ஏற்பாடு. எல்லாப் பையன்களுமே மாத்தி மாத்தி மூணு வேலையும் செய்வாங்க. பாத்திரம் கழுவுறது, ரதம் போனப்புறம் ரோட்டுல உடைச்ச தேங்காய் ஓடு அள்ளுறது, அப்புறம் மோர் ஊத்துறது. யாருக்கும் தனி இடம் இல்லை, யாருக்கும் பின்பக்கம் இல்லை. மஞ்சள் சட்டைக்காரங்கள்ல அவனும் ஒருத்தன். எவன்னு தேடாதீங்க. தேடி யாரையாவது கைகாட்டினா, அது வேற வீட்டுப் பிள்ளையாக் கூட இருக்கும்.

தண்ணீர்மலை படி ஏறும்போது அருணகிரிநாதரை நினைக்காதவங்க நம்மள்ல யாரு? அவர் இளமையில எப்படி இருந்தார்னு எல்லாப் பிரசங்கத்துலயும் கேட்டிருக்கோம். கோபுரத்துல இருந்து விழுந்தவரை முருகன் கையில தாங்கினான்னு சொல்லும்போது கண் கலங்குறோம். நம்ம தெருவுல விழுகிற பிள்ளைக்கும் கொஞ்சம் கலங்கலாம்.

அடுத்த தொண்டர் கூட்டம் ஞாயிறு காலை 9 மணி, வழக்கமான மண்டபம். டிபிபி அம்மாவும் வர்றாங்க. பெத்தவங்க பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்து நேரா கேள்வி கேட்கலாம். கேஸ் இருக்கிற குடும்பம் இருந்தா கூட்டத்துல எழுந்து பேச வேண்டாம், முடிஞ்சப்புறம் தனியா பார்க்கலாம். பசியாறல் உண்டு. பெரிய அண்டா ரெண்டு இன்னும் குறையுது, வீட்டுல இருந்தா கொண்டு வாங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

தண்ணீர்ப் பந்தல் தொண்டர்கள்